லேவியருக்கு 48 ஊர்கள்

தாத்தாவின் பழைய பைபிளில் 'சுதந்தரம்' என்ற சொல் வரும்போதெல்லாம் எனக்குக் கொடிதான் ஞாபகத்துக்கு வரும். தமிழ்ப்பள்ளியில் ஆகஸ்ட் மாதம் முழுக்க சுதந்திரம், சுதந்திரம் என்று பாடிக்கொண்டிருப்போம். ராத்திரி ஜெபத்தில் தாத்தா யோசுவாவின் புத்தகத்தைத் திறந்து, இன்ன கோத்திரத்துக்கு இன்ன இடம் சுதந்தரமாகக் கிடைத்தது என்று வாசிப்பார். இஸ்ரவேலர் பன்னிரண்டு தடவை மெர்டேக்கா வாங்கினார்கள் போல என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு எழுத்து வித்தியாசத்தில் விடுதலை ஒரு பக்கமும் வாரிசுச் சொத்து ஒரு பக்கமும் நிற்கின்றன என்பது ஐந்தாம் படிவத்தில்தான் புரிந்தது.

யோசுவா 13 முதல் 21 வரை வாசித்தவர்களுக்குத் தெரியும், அதைப்போல் தூக்கம் வரவைக்கும் பகுதி பைபிளில் குறைவு. எல்லை இந்த முனையில் தொடங்கி அந்த மேட்டைச் சுற்றி, இந்த ஓடையில் இறங்கி, அந்த ஊற்றில் முடியும். பிறகு ஊர்களின் பெயர்கள், பக்கம் பக்கமாக. பாட்டி சுவரில் சாய்ந்து தூங்கிவிடுவார். "தாத்தா, இதத் தாண்டிப் போலாமே" என்று நான் கேட்டால் விடமாட்டார். "அவனவன் பங்கு எழுதியிருக்கு. நாம எப்படிடா தாண்டுறது?" என்பார்.

தாத்தா முப்பத்தெட்டு வருடம் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தீம்பாருக்கெல்லாம் நட்ட வருடம்தான் பெயர். அம்பத்தெட்டுக் காடு, அறுபத்திரண்டுக் காடு என்று எது எங்கே தொடங்கி எந்தக் கால்வாயில் முடியும் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அதில் ஒரு கெஜம்கூட அவருடையது இல்லை. அந்த அதிகாரங்களை அவர் ஏன் அவ்வளவு ருசித்து வாசித்தார் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

நான் இப்போது ஷா ஆலாமில் ஒரு கன்சல்டன்சியில் சிவில் இன்ஜினியர். என் மேசைக்கு வரும் வரைபடங்களில் பாதி பழைய தோட்டங்கள். எல்லைக்கல், திசைக்கோணம், தூரம், லாட் எண் என்று பார்த்துப் பழகிய பிறகு ஒருநாள் யோசுவா 18-ஐத் திரும்ப வாசித்தேன். ஏழு கோத்திரங்களுக்கு இன்னும் பங்கு வரவில்லை. ஏன் இப்படித் தாமதிக்கிறீர்கள் என்று யோசுவா கடிந்துகொள்கிறார். கோத்திரத்துக்கு மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து, நாட்டை நடந்து பார்த்து, ஊர் ஊராக எழுதி, ஏழு பாகமாகப் பிரித்துக் கொண்டுவரச் சொல்கிறார். அவர்கள் எழுதிய புத்தகத்தோடு சீலோவுக்குத் திரும்பிய பிறகுதான் சீட்டுப் போடப்படுகிறது. சர்வே முதலில், சீட்டு பிறகு! எனக்கு நாற்காலியிலிருந்து எழுந்து நிற்கவேண்டும் போல இருந்தது. எண்ணாகமத்தில் இதற்கு முன்பே விதி சொல்லியாகிவிட்டது. பெரிய கோத்திரத்துக்குப் பெரிய நிலம், சிறியதற்குச் சிறியது. எங்கே என்பதை மட்டும் சீட்டு தீர்மானிக்கும்.

எங்கள் பக்கத்து நிலத்துக்கும் எழுதப்பட்ட வரலாறு உண்டு. கோலா சிலாங்கூரிலிருந்து புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா பக்கம் வண்டியில் போனால் இருபுறமும் செம்பனைதான். 2007 வரை அந்த ஊருக்கு பத்தாங் பெர்ஜுந்தாய் என்று பெயர். என் அம்மா இன்னமும் அப்படித்தான் சொல்கிறார். அதன் அருகே தென்னமாரம் தோட்டத்தில்தான் 1917-இல் ஹென்றி போக்கோனியர் என்ற பிரெஞ்சுக்காரர் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைப் போட்டார். மலாயாவைப் பற்றி அவர் எழுதிய நாவலுக்கு 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. நட்டவர் பெயர் தெரிகிறது, வருடம் தெரிகிறது. குழி வெட்டியவர்களின் பெயர்கள் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. யோசுவா 17-இல் யோசேப்பின் புத்திரர் வந்து இடம் போதவில்லை என்று முறையிடுகிறார்கள். காட்டுக்குப் போய் வெட்டித் திருத்திக்கொள்ளுங்கள், அது உங்களுடையதாகும் என்று பதில் வருகிறது. எங்கள் கொள்ளுத்தாத்தாக்களும் காட்டை வெட்டித் திருத்தினார்கள். வசனத்தின் இரண்டாம் பாதி மட்டும் அவர்களுக்கு வரவில்லை.

கேட்காமலும் இல்லை. மெர்டேக்காவை ஒட்டிய வருடங்களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்க, தொழிலாளிகள் லயத்தோடு சேர்ந்து தெருவுக்கு வந்தார்கள். அப்போது துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி, பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் சேர்த்து, 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அவர்கள் முதலில் வாங்கிய தோட்டம் கெடாவில் புக்கிட் சீடிம். இங்கே ஹுலு சிலாங்கூர் பக்கம், மேரி, சுங்கை திங்கி, புக்கிட் தாகார், நைகல் கார்டனர், மின்யாக் என்ற ஐந்து தோட்டங்களின் 245 குடும்பங்கள் ஒரு வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2023-இல்தான் அவர்களுக்கான வீட்டுத்திட்டம் தொடக்கம் கண்டது. கேட்கத் தொடங்கியவர்களில் பலர் அதற்குள் மண்ணுக்குள் போயிருப்பார்கள்.

எங்கள் தோட்டம் அந்த ஐந்தில் இல்லை. எங்களுடையது 1996-இல் கைமாறியது. நான் பிறப்பதற்கு ஒரு வருடம் முந்தி. அத்தைக்கு அப்போது முப்பத்தேழு வயது. பதினாறு வயதிலிருந்து வெட்டு, இருபத்தொரு வருட சர்வீஸ். 1980-ஆம் வருட ஆட்குறைப்பு விதிப்படி, ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவர்களுக்கு வருடத்துக்கு இருபது நாள் சம்பளம். நாள் சம்பளம் பதினேழு வெள்ளி. கணக்குப் போட்டால் 7,140 வெள்ளி. அத்தை இன்றைக்கும் அந்தத் தொகையைச் சில்லறையோடு சொல்வார்.

அந்தப் பணம்தான் எங்கள் வீடு. தாமானில் 25,000 வெள்ளிக்கு ஒரு மலிவுவிலை வீடு கிடைத்தது. முன்பணம், வக்கீல் செலவு, மின்சாரம், கம்பிக் கதவு, பின்னால் ஒரு தகரக் கொட்டகை என்று அத்தையின் ஏழாயிரமும் அதில் கரைந்தது. மீதிக்கு பேங்க் லோன். பேங்க்காரன் சம்பளச் சீட்டு கேட்டான். அத்தையிடம் இருந்தது வேலை போன கடிதம். அப்பா அப்போதுதான் ஒரு ஃபேக்டரியில் சேர்ந்திருந்தார். ஆகவே கிராண்டில் அப்பா பெயர். மாதம் நூற்றெண்பது வெள்ளி, இருபத்தைந்து வருடம், அப்பா ஒரு மாதமும் தவறவிடவில்லை. அதையும் சொல்லவேண்டும். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. பெண்பிள்ளை, நாளைக்குக் கல்யாணம் ஆகிப் போய்விடும், அதன் பெயரில் எதற்கு என்று தாத்தா சொன்னாராம், அவ்வளவுதான். அத்தை கல்யாணம் செய்துகொள்ளவும் இல்லை, போகவும் இல்லை. என்னை வளர்த்தது அவர்தான்.

அத்தைக்கு ஒரு வழக்கமான பதில் உண்டு. யாராவது, "உனக்குன்னு ஒண்ணும் சேத்து வெக்கலியா?" என்று கேட்டால், "நான் லேவி கோத்திரம்லா. எனக்குக் கர்த்தர்தான் பங்கு," என்பார். தோட்டத்துச் சர்ச்சில் வந்துபோன போதகர்களிடமிருந்து கேட்டுப் பழகியது அது. தோட்டம் விலைபோன சமயத்தில் இந்தப் பிரசங்கம் அடிக்கடி நடந்திருக்கிறது. லேவியருக்கு நிலம் கொடுக்கப்படவில்லை, கர்த்தரே அவர்களுடைய சுதந்தரம், நமக்கும் அப்படியே, பரலோகத்தில் நமக்கு இடமுண்டு. லயத்தைக் காலி செய்யச் சொன்ன நோட்டீஸைக் கையில் வைத்திருந்தவர்களுக்கு அது ஆறுதலாகத்தான் இருந்திருக்கும். அதை நான் கேலி செய்யவில்லை. அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அத்தை பல இரவுகளைத் தாண்டியிருப்பார்.

ஆனால் பிரசங்கம் பாதியில் நின்றுவிட்டது. லேவியருக்குப் பங்கில்லை என்று யோசுவா புத்தகம் நாலு இடத்தில் சொல்கிறது, உண்மை. 21-ஆம் அதிகாரத்தில் அதே லேவியரின் தலைவர்கள் சீலோவுக்கு வந்து, எங்களுக்கு ஊர்கள் வேண்டும், ஆடுமாடுகளுக்கு மேய்ச்சல் நிலம் வேண்டும், மோசே மூலம் இது சொல்லப்பட்டிருக்கிறது என்று கேட்கிறார்கள். ஒவ்வொரு கோத்திரமும் தன் பங்கிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. மொத்தம் 48 ஊர்கள். ஊரைச் சுற்றி ஒவ்வொரு திசையிலும் 2,000 முழம் அளந்து விடவேண்டும் என்று எண்ணாகமம் 35 அளவே குறித்துவிடுகிறது. கர்த்தர் பங்கு என்பதோடு கூரையும் மேய்ச்சலும் அளந்து கொடுக்கப்பட்டன. இந்த அதிகாரத்தில் ஒரு பிரசங்கம்கூட நான் கேட்டதில்லை. ஊர்ப்பட்டியல்தானே என்று தாண்டிவிடுகிறார்கள்.

அப்பா 2023-இல் இறந்தார். உயில் இல்லை. நாற்பது நாள் கழித்து நானும் அம்மாவும் வீட்டுப் பத்திரங்களை எடுத்து உட்கார்ந்தோம். பாரத்தின் தலைப்பில் 'புசாக்கா' என்று இருந்தது. மலாய் பைபிளில் இஸ்ரவேலரின் சுதந்தரத்துக்கும் அதே சொல்தான். 1958-ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம் கணக்கைச் சுலபமாக்கிவிடுகிறது. பெற்றோர் உயிரோடு இல்லையென்றால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. அம்மா, நான், தங்கை, ஆளுக்குச் சரியாக மூன்றில் ஒன்று. மனைவி மக்கள் இருக்கும்போது கூடப்பிறந்தவர்களுக்கு ஒன்றுமில்லை. வாரிசுகளின் பெயர்களை வரிசையாக எழுதினேன். பேனா மூன்றாவது வரியில் நின்றுவிட்டது. அத்தை அடுப்படியில் எங்களுக்குத் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தார். பேச்சு எல்லாம் அங்கே கேட்கும். எங்கள் வீடு அவ்வளவுதான் அகலம்.

அன்றைக்கு ராத்திரி தாத்தாவின் பைபிளை எடுத்தேன். பக்தியினால் என்று பொய் சொல்லமாட்டேன். தூக்கம் வரவில்லை. தூங்க வைக்கும் பகுதி எது என்று தெரியும்.

அன்று தூக்கம் வரவில்லை, ஒரு விஷயம்தான் கண்ணில் பட்டது. இந்த அதிகாரங்களில் ஆளாளுக்கு வந்து கேட்கிறார்கள். காலேபுக்கு எண்பத்தைந்து வயது. எனக்குச் சொன்ன மலையைக் கொடு என்று வந்து நிற்கிறார். அவர் மகள் அக்சாள் கழுதையிலிருந்து இறங்கி, வறண்ட நிலத்தைக் கொடுத்தீரே, நீரூற்றும் கொடும் என்கிறாள். மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு ஊற்றுகள் கிடைக்கின்றன. யோசேப்பின் புத்திரர் கேட்கிறார்கள். லேவியர் கேட்கிறார்கள். எல்லாருக்கும் பங்கிட்டு முடித்த பிறகு கடைசியில் யோசுவாவே தனக்கு ஒரு ஊர் கேட்கிறார், திம்னாத் சேரா. கேட்டதற்காக ஒருவரையும் விசுவாசம் குறைந்தவர் என்று அந்தப் புத்தகம் சொல்லவில்லை. எங்கள் சர்ச்சுகளில்தான், கேட்காமல் இருப்பது பெரிய ஆவிக்குரிய குணம் என்று பழக்கிவிட்டார்கள், அதுவும் பெண்களுக்கு.

கேட்டவர்களில் துணிச்சலானவர்கள் செலொப்பியாத்தின் மகள்கள் ஐந்து பேர். மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள். அப்பா இறந்துவிட்டார், ஆண்பிள்ளை இல்லை. மோசே, ஆசாரியன், பிரபுக்கள், மொத்தச் சபை என எல்லார் முன்னாலும் கூடார வாசலில் வந்து நின்று, மகன் இல்லை என்பதற்காக எங்கள் அப்பா பெயர் ஏன் அழிய வேண்டும் என்று கேட்டார்கள். மோசேக்குப் பதில் தெரியவில்லை, கர்த்தரிடம் கொண்டுபோனார். அந்தப் பெண்கள் சொல்வது சரி என்று தீர்ப்பு வந்தது. ஒரு வழக்கினால் சட்டமே மாறியது. யோசுவா 17-இல் அவர்கள் திரும்பவும் வந்து ஞாபகப்படுத்தித்தான் நிலத்தை வாங்கினார்கள் என்பதையும் சேர்த்து வாசிக்கவேண்டும். தீர்ப்பு வந்தாலும் கிராண்டு கைக்கு வரும்வரை நடக்கத்தான் வேண்டும்.

இதைச் சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் கெட்ட மனுஷர் இல்லை. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தவர். "குடுடா, நான் வேணாங்கல. ஆனா அக்காவுக்கு அப்புறம் அந்தப் பங்கு யாருக்குப் போவும்? சர்ச்சுக்கு எழுதி வெச்சிட்டா? யாராச்சும் வந்து கையெழுத்து வாங்கிட்டா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எண்ணாகமம் 36-இல் மனாசே கோத்திரத்துப் பெரியவர்கள் வந்து கேட்டதும் இதேதான். இந்தப் பெண்கள் வேறு கோத்திரத்தில் கல்யாணம் செய்துகொண்டால் நிலம் எங்களை விட்டுப் போய்விடுமே! அதற்கு, சொந்தக் கோத்திரத்துக்குள்ளேயே கட்டிக்கொள்ளுங்கள் என்று ஒரு நிபந்தனை வந்தது. ஐந்து பேரும் பெரியப்பா சித்தப்பா மகன்களைக் கட்டிக்கொண்டார்கள். எனக்கு 36-ஆம் அதிகாரம் பிடிக்காது. 27-இல் கொடுத்த கை 36-இல் கயிறு கட்டியது போல இருக்கிறது. ஆனால் மூவாயிரம் வருடமாகச் சித்தப்பாக்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள் என்பதில் ஒரு ஆறுதல்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்தப் புத்தகத்தை வாசிக்கும்போது என்னை இஸ்ரவேலனாக வைத்தே வாசித்துப் பழகியிருக்கிறேன். சீட்டு விழுந்த நிலங்கள் காலி நிலங்கள் இல்லை. கேசேரில் கானானியர் துரத்தப்படாமல், கட்டாய வேலை செய்பவர்களாக வைக்கப்பட்டார்கள் என்று ஒரு வரி வருகிறது. கிபியோனியருக்கு உயிர் மிஞ்சியது, விறகு வெட்டவும் தண்ணீர் சுமக்கவும். பெரட்டுக்கு விடியற்காலை நாலரைக்கு எழுந்து போன என் பாட்டி இந்தக் கதையில் யார் பக்கம் நிற்பார்? இதே சிலாங்கூரில், டெங்கில் பக்கம் புக்கிட் தாம்போயில் நெடுஞ்சாலைக்காக வெளியேற்றப்பட்ட தெமுவான் மக்கள், சாகோங் தாசி வழக்கில் 2002-இல் நீதிமன்றம் போய்த் தங்கள் மரபு நில உரிமையை நிலைநாட்டினார்கள். எங்கள் ஆட்கள் கப்பலேறுவதற்கு முன்பே இங்கே இருந்தவர்கள் அவர்கள். எங்கள் கொள்ளுத்தாத்தா திருத்திய காடும் யாரோ ஒருவரின் காடாகத்தான் இருந்திருக்கும். இதை இங்கே முடிக்க எனக்குத் தெரியவில்லை. மேலே செல்கிறேன்.

வீட்டுக்கு வருகிறேன். எங்கள் கிராண்டு 99 வருடக் குத்தகை. மாநில அரசின் ஒப்புதல் இல்லாமல் பெயர் மாற்ற முடியாது என்று அதிலேயே அச்சடித்திருக்கிறது. லேவியராகமம் 25-இல் கர்த்தர் சொல்வதும் கிட்டத்தட்ட அதுதான். நிலம் என்னுடையது, நீங்கள் என்னிடம் தங்கியிருப்பவர்கள், நிரந்தரமாக விற்கக்கூடாது. அங்கே ஐம்பதாம் வருடம் யூபிலி எக்காளம் ஊதி, இழந்தவனுக்கு நிலம் திரும்பும். இங்கே 99 முடிந்தால் புதுப்பிப்புக் கட்டணம். இன்ஜினியர் மூளைக்கு யூபிலி ஒரு நல்ல டிசைன் என்று படுகிறது. பிழை சேர்ந்துகொண்டே போகாமல் இருக்க, குறிப்பிட்ட இடைவெளியில் சிஸ்டத்தைத் திரும்பத் தொடக்கத்துக்குக் கொண்டுவருவது.

நடைமுறை இதுதான். முதலில் எங்கள் மூவர் பெயருக்கும் வரும். பிறகு ஒவ்வொருவரும் தன் மூன்றில் ஒன்றிலிருந்து பன்னிரண்டில் ஒன்றை எடுத்து அத்தைக்கு மாற்றினால், நாலு பேருக்கும் நாலில் ஒன்று. படிவம் 14ஏ, மாநில ஒப்புதல், வக்கீல். தாய் பிள்ளைக்குக் கொடுத்தால் கிடைக்கும் முத்திரை வரிச் சலுகை அத்தைக்குக் கொடுத்தால் கிடையாது. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி ஜொகூரில் இருக்கும் தங்கைக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன். கூடவே யோசுவா, எண்ணாகமம் என்று நீளமாக ஒரு குரல் செய்தியும். அரைமணி நேரத்தில் பதில் வந்தது. "சரிண்ணா, ஓகே. ஆனா நீ பைபிள்ல இருக்கறவங்க எல்லாரையும் கேட்டுட்ட. அத்தைகிட்ட கேட்டியா?"

கேட்கவில்லை. இருபத்தெட்டு வருடமாக அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை.

அம்மா ஒப்புக்கொள்ள ஒரு வாரம் பிடித்தது. அவர் பயம் வேறு. பிள்ளைகள் நாளைக்கு விற்றுவிட்டால் தான் எங்கே போவது என்பது. அது நியாயமான பயம். அதே பயத்தை அத்தை இவ்வளவு காலமும் கையெழுத்து ஏதும் இல்லாமல் சுமந்திருக்கிறார் என்று நான் சொல்லவேண்டி வரவில்லை. அம்மாவே ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே, "அவங்க காசுதானடா மொதல்ல போட்டது," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் அத்தையிடம் சொன்னேன். எதிர்பார்த்த பதில்தான் வந்தது.

"எனக்கெதுக்குய்யா இந்த வயசுல? எனக்குக் கர்த்தர் பங்கு."

"அத்த, லேவியருக்கும் நாப்பத்தெட்டு ஊரு குடுத்தாங்க. தெரியுமா?"

"அவங்க வந்து கேட்டாங்கல்ல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாத்தா வாசித்தபோது எல்லாரும் தூங்கிவிட்டார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"நீங்க ஏன் கேக்கல?"

அத்தை சேலை முந்தானையை மடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "உங்கப்பன் கேக்க வெக்காம இருந்தான். அதுவே பெரிசுதான்." பிறகு, "அந்தத் தாள்ல என் பேரு முழுசா போடுவாங்களா? ஐ.சி. நம்பரோட?" என்றார்.

"போடுவாங்க. அப்பா பேரோட, தாத்தா பேருதான், பின்னாடி போட்டு."

எழுந்து உள்ளே போனார். தன் பைபிளோடு வந்தார். உறைக்குள்ளிருந்து மடித்த தாள்களை எடுத்து என் முன்னால் வைத்தார். ஐ.சி.யின் நகல்கள். தாமான் முன்னாலிருக்கும் கடையில் எடுத்தவை. மடிப்பில் மை லேசாக வெளிறியிருந்தது. எப்போது எடுத்தார் என்று நான் கேட்கவில்லை.

"மூணு காப்பி இருக்கு. போதுமா?" என்றார்.